பாதி பச்சை, பாதி சிவப்பு

கலியாணம் முடிந்து வந்த முதல் ஆடிப்பிறப்பு அது. கூழ் குடிக்க வரும்படி அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். நான் முதல் நாளே மருதனார்மடத்துப் புகுந்த வீட்டிலிருந்து புத்தூருக்கு வந்துவிட்டேன். விடிந்ததும் அம்மாவும் பெரியம்மாவும் குசினியில் தேங்காய் துருவத் தொடங்கினார்கள். நான் மெல்ல நழுவிப் பெரியப்பாவோடு சந்திக்கு நடந்தேன். வேலைக்குக் கள்ளமடிக்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அன்று பஸ் பெரியப்பாவின் முறை. முதல் நாள் கொம்பனியின் முறை. முறை மாறுகிற காலையில் கொம்பனி டிரைவர் பஸ்ஸைச் சந்தியில் கொண்டுவந்து விட்டு, திறப்பைப் பெரியப்பாவின் கையில் கொடுப்பார். பஸ்ஸுக்கு எப்படி முறை வந்தது என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பஸ் வந்த கோலத்தைச் சொல்லிவிட வேண்டும்.

சுன்னாகம் தெருவில் ஒரு சிவப்புப் பஸ்ஸும் ஒரு பச்சைப் பஸ்ஸும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வருவதாகத்தான் முதலில் நினைத்தேன். அந்தக் காலத்தில் அப்படி ஓடுவார்கள். கிட்ட வந்த பிறகுதான் தெரிந்தது, வந்தது ஒரே பஸ். எங்கள் பஸ். நெற்றியின் நடுவில் கோடு போட்டு, ஒரு பாதிக்குக் கொம்பனியின் பச்சை அடித்திருந்தது. மற்றப் பாதி எங்கள் பழைய சிவப்பு.

சந்தியில் நின்ற சனம் அப்படியே விறைத்துப் போய் நின்றது. வாழைக்குலை கட்டிக்கொண்டிருந்த ஒருவர் கயிற்றைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்தார்.

டிரைவர் இறங்கி வந்தார். பெரியப்பாவின் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அண்ணை, குறை நினையாதையுங்கோ. முதலாளி சொன்னவர். தங்கடை பாதிக்கு மட்டும் அடிக்கச் சொல்லித்தான் சொன்னவர்."

பெரியப்பா பஸ்ஸை ஒருமுறை சுற்றி வந்தார். பச்சையும் சிவப்பும் சந்திக்கிற கோட்டில் விரலை வைத்துப் பார்த்தார். பெயின்ற் இன்னும் காயவில்லை. விரலைச் சால்வையில் துடைத்தார்.

யாழ்ப்பாணம் போவதற்கு நின்ற வாத்தியார் ஒருவர்தான் முதலில் வாய் திறந்தார். "அண்ணை, வாசல் இருக்கிற பக்கத்தை அவை எடுத்திட்டினம். உங்கடை முறையிலை நாங்கள் யன்னலாலையோ ஏறுறது?"

"வாசல் அவைக்குப் போகட்டும், வாத்தியார்," என்றார் பெரியப்பா. "ஸ்டியரிங் என்ரை பக்கம்தானே இருக்கு."

சந்தி முழுவதும் சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தப் பச்சையை அடிப்பித்தவர் என் மாமனார். அடித்த பாதி என் சீதனம்.

கிணற்றைப் பார்த்துப் பங்கிட்டது

பஸ் வைத்திருந்த குடும்பம் ஏன் தோட்டம் கொத்தியது என்று இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி போன கிழமை எழுதிக் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஆனால் எங்கள் வீட்டில் தோட்டமும் பஸ்ஸும் வேறு வேறு அல்ல.

எங்கள் பக்கத்தில் தோட்டக் கிணறு அநேகமாகப் பலருக்குப் பொதுவாக இருக்கும். கிணற்றை வெட்டிப் பங்கு வைக்க முடியாது. அதனால் நாளைப் பங்கு வைப்பார்கள். இன்று உனக்கு இறைப்பு, நாளை எனக்கு. அதற்குப் பெயர் முறை. அண்ணன் தம்பிமார் கதைபேச்சு இல்லாமல் இருப்பார்கள். ஆனால் மற்றவனின் முறையில் இறைக்கிற துலாவில் கைவைக்க மாட்டார்கள். முறையைச் சீதனமாகவும் கொடுப்பார்கள். மாப்பிள்ளை வந்து மாமனாரின் முறையில் இறைப்பார். அவ்வளவுதான் வித்தியாசம். கிணறு கிணற்றடியிலேயே இருக்கும்.

என் தகப்பனாரான ஐயாவும் பெரியப்பாவும் புகையிலையில் சம்பாதித்ததைப் போட்டு, பட்டணத்தில் ஒரு பழைய பஸ்ஸைச் சேர்ந்து வாங்கினார்கள். புத்தூரிலிருந்து நீர்வேலி, கோப்பாய் வழியாக யாழ்ப்பாணத்துக்கு ஓட அனுமதியும் கிடைத்தது. வந்த பஸ்ஸை எப்படிப் பங்கிடுவது? இரண்டு பேருக்கும் தெரிந்த பங்கீடு ஒன்றே ஒன்றுதான்.

"கிணறு உனக்கெண்டால் பஸ் எனக்கு. பஸ் உனக்கெண்டால் கிணறு எனக்கு," என்றார் பெரியப்பா. பேச்சு அதோடு முடிந்தது.

எங்கள் ஐயா ஒரு நாள் சேற்று மணத்தோடு வீட்டுக்கு வருவார். மறுநாள் பெற்றோல் மணத்தோடு வருவார். அம்மா ஐயாவின் வேட்டியை முகர்ந்தே அன்று கிணறா பஸ்ஸா என்று சொல்லிவிடுவார்.

ஆனால் ஊருக்கு இருவரின் முறையும் ஒரே பஸ் அல்ல. ஐயாவின் முறையில் பஸ் நேரத்துக்கு வெளிக்கிடும். வராதவனை விட்டுவிட்டுப் போகும். பெரியப்பாவோ ஒழுங்கை ஒழுங்கையாக ஹோர்ன் அடித்து ஆட்களைக் கூப்பிடுவார். "கனகம்மா பெரியாஸ்பத்திரிக்குப் போகவேணுமெண்டு சொன்னவ, இன்னும் காணேல்லை" என்று எஞ்சினை நிறுத்திவிட்டு இருப்பார். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் தங்களுக்கு ஒரு அவசரம் என்றால் பெரியப்பாவின் முறை எப்போது என்றுதான் கேட்பார்கள்.

பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. டிரைவருக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கையில் நான்தான் வளர்ந்தேன்.

கொம்பனி

என் மாமனாரின் கொம்பனிக்கு நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று இருந்தது. அதை ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. கொம்பனி என்றால் அது அவருடையதுதான். அவரை ஊரார் சபாரத்தின முதலாளி என்பார்கள். எனக்கு அவர் மாமா.

மாமா ஒரே ஒரு பஸ்ஸோடு மருதனார்மடத்தில் தொடங்கியவர். அவருடைய கெட்டித்தனத்தை நான் மறுக்கமாட்டேன். எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே எங்கே பிழை என்று சொல்லுவார். ஆனால் மற்றவர்களுடைய பஸ்கள் அவரிடம் போய்ச் சேர்ந்த விதம் வேறு.

ஒற்றைப் பஸ் வைத்திருக்கும் ஒருவரின் பஸ்ஸுக்கு முன்னால் தன் பஸ்ஸை விடுவார். நிற்கிற சனத்தையெல்லாம் அது அள்ளிக்கொண்டு போய்விடும். சில மாதம் அப்படி ஓடவிட்டு, அந்த மனிதர் களைத்துப் போயிருக்கும் நேரம் பார்த்து அவர் வீட்டுக்குப் போவார். கதிரையில் இருந்து, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, சுகம் விசாரிப்பார். பிறகுதான் வந்த விஷயத்தைச் சொல்லுவார்.

"முழுக்கத் தரவேண்டாம். ஒரு பங்கைத் தாங்கோ. மிச்சத்தை நீங்களே வைச்சிருங்கோ."

கேட்பவருக்கு உயிர் திரும்பி வந்ததுபோல் இருக்கும். இவ்வளவு பெரிய மனிதர் நம்மைப் பங்காளியாக்குகிறாரே என்று மகிழ்ந்து ஒப்புக்கொள்வார்கள். ஒரு வருஷத்துக்குள் அந்தப் பஸ் முழுதாகப் பச்சையாகிவிடும். மிச்சப் பங்கு எப்படிப் போனது என்று விற்றவருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. சுன்னாகத்தில் ஒரு பஸ்ஸின் பக்கத்தில், செத்துப்போன புருஷனின் பெயரை எழுதி வைத்திருந்த ஒரு மனிசி இருந்தார். அந்தப் பெயருக்கு மேல் பச்சை பூசிய அன்று அவர் மருதனார்மடம் வரை நடந்து வந்து, கொம்பனி பஸ் திருத்துகிற கராச் வாசலில் மண்ணை அள்ளி எறிந்தார். இதை எனக்குச் சொன்னவர் என் மாமி. சொல்லும்போது அவர் குரல் ஏன் அப்படித் தணிந்தது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பங்கு கேட்டும் பெற முடியாத இடங்களில் மாமா சம்பந்தம் செய்தார். மூத்த மகனுக்குப் பெண் வந்தது சாவகச்சேரியிலிருந்து. கூடவே ஒரு பஸ்ஸும் வந்தது. மாமாவுக்கு இன்னும் நாலைந்து ஆண்பிள்ளைகள் இருந்திருந்தால் குடாநாட்டில் ஒருவருக்கும் பஸ் மிஞ்சியிராது.

இரண்டாவது மகன்தான் என் புருஷன், இவர்.

பாதி பஸ்ஸோடு போனவள்

கொம்பனி வீட்டிலிருந்து சம்பந்தம் பேசி வந்தபோது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கால் நிலத்தில் நிற்கவில்லை. பெரியம்மா சந்நிதிக் கோயிலுக்கு நேர்த்தி வைத்தார்.

மாமா நகை கேட்கவில்லை, காணி கேட்கவில்லை. "பிள்ளையின்ரை தேப்பனுக்குப் பஸ்ஸிலை இருக்கிற முறையை எழுதிவிடுங்கோ, அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்," என்றார். ஐயாவுக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. அண்ணனோடு சேர்ந்த சொத்து. அண்ணனைக் கேட்காமல் செய்யமாட்டார்.

"இதுக்கு என்னைக் கேக்கவேணுமே?" என்று பெரியப்பா ஏசினார். "எங்கடை பிள்ளைக்குத்தானே குடுக்கிறாய். என்ரை பாதியும் எனக்குப் பிறகு ஆருக்கு? அவளுக்குத்தானே."

பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு சிரித்தார். நாள்விட்டு நாள் பஸ் ஓட்டுகிற உரிமையைச் சீதன உறுதிப் பத்திரத்தில் எழுதச் சொல்லி இதுவரை ஒருவரும் கேட்டதில்லையாம். எழுதினார். என் பெயருக்குத்தான் எழுதினார். சாட்சிக் கையெழுத்து பெரியப்பாவுடையது.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பது. ஆனால் மகனுக்குக் கொம்பனியில் வேலை, விடிய வேளைக்குக் கராச்சில் நிற்கவேண்டும் என்று சொல்லி என்னை மருதனார்மடத்துக்குக் கூட்டிப் போனார்கள். வழக்கத்துக்கு மாறானதுதான். அதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டோம். கொம்பனி வீட்டில் எங்கள் பிள்ளை இருக்கிறாள் என்று ஐயா வழியில் நின்று எல்லாரிடமும் சொன்னார்.

இவரைப் பற்றிக் குறை சொல்ல நான் வரவில்லை. பின்னாளில் இவரோடு நான் வாழ்ந்த வாழ்க்கை நல்ல வாழ்க்கை. ஆனால் அந்த நாட்களில் தகப்பனுக்கு முன்னால் இவருக்கு வாய் திறக்காது.

சிவப்புப் பக்கம் தேய்ந்தது

பாதிப் பச்சையோடு பஸ் ஓடத் தொடங்கிய பிறகு ஊரெல்லாம் அதே பகிடிதான். நாளாக ஆக அந்தப் பகிடியில் சிரிப்பு குறைந்தது.

கொம்பனி முறை முடிந்து பஸ் வரும்போது நல்ல ரயர் போய்த் தேய்ந்த ரயர் இருக்கும். மறுமுறை பற்றரி இறங்கியிருக்கும். பெரியப்பா தன் முறையில் பாதி நாளைத் திருத்துவதிலேயே செலவழிப்பார். திருத்திய பஸ் மறுநாள் கொம்பனிக்கு நல்லாக ஓடும். கேட்டால் கொம்பனி டிரைவர் நிலத்தைப் பார்ப்பார்.

மாமா பெரியப்பாவிடம் மிச்சப் பாதியைக் கேட்டு ஆள் அனுப்பினார். "உலகத்திலை ஆராவது கிணத்தை விப்பானே?" என்று பெரியப்பா திருப்பி அனுப்பினார். தான் சொன்னது பஸ்ஸைப் பற்றியல்ல, கிணற்றைப் பற்றி என்பதே அவருக்குத் தோன்றவில்லை. எங்கள் எல்லாருக்கும் அதே பிழைதான். பஸ்ஸுக்கு உருண்டு போகச் சில்லு இருக்கிறது என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

அரசாங்கம் எல்லாப் பஸ்ஸையும் எடுக்கப்போகிறது என்ற கதை அப்போது ஊரெங்கும் அடிபட்டது. எடுக்கிற நேரம் யாரிடம் கூடுதல் பஸ் இருக்கிறதோ அவருக்குத்தான் கூடுதல் நட்டஈடு என்றும் சொன்னார்கள். எடுத்தார்கள் என்பதும், கொம்பனி என்ற சொல்லே பிறகு இல்லாமல் போனதும் எல்லாருக்கும் தெரிந்தது. அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அதற்குச் சற்று முந்திய ஒரு மழைக்காலம். மாமாவுக்குப் பொறுக்க நேரம் இல்லாமற் போன காலம்.

எனக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. தலைப்பிள்ளை.

ஒரு காலை ஐயா சைக்கிளில் மருதனார்மடம் வந்தார். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாதென்று பின் கரியரில் ஒரு சாக்கு வெங்காயம். நனைந்து தெப்பமாக நின்றார். மாமி உள்ளே போன நேரம் பார்த்து என் காதுக்குள் சொன்னார்.

"பஸ் வரேல்லை, மோனை. போன முறையும் வரேல்லை, இண்டைக்கும் வரேல்லை. அண்ணை விடியத் தொடக்கம் சந்தியிலை மழைக்குள்ளை நிக்கிறார். வீட்டை வாங்கோ எண்டாலும் வாறாரில்லை. சனம் நிக்குது, நான் எப்பிடிப் போறது எண்டு கேக்கிறார்."

இவர் வந்ததும் கேட்டேன். "இஞ்சாருங்கோ, பஸ் எங்கை?"

"கராச்சிலை நிக்குது. ஏதோ திருத்திறாங்களாம்."

"பெரியப்பாவின்ரை முறையிலையோ திருத்திறது?"

"நான் எங்கடை ஐயாவோடை கதைக்கிறன்," என்றார். கதைக்கவில்லை. கதைக்கமாட்டார் என்று இரண்டு நாளில் எனக்கு விளங்கிவிட்டது.

கராச்

பெரியப்பாவின் அடுத்த முறை விடிந்தது. நான் சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கராச்சுக்கு நடந்தேன். வீட்டுக்குப் பின்னால் சந்தைப் பக்கமாக, கிடுகு வேய்ந்த பெரிய கொட்டில். முதலாளியின் மருமகள் அங்கே கால் வைத்தது அதுதான் முதல் தடவை. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் பேயைக் கண்டவர்கள் மாதிரி எழுந்து நின்றார்கள்.

எங்கள் பஸ் மூலையில் மரக்குற்றிகளின் மேல் நின்றது. சில்லுகள் இல்லை. முன்மூடி திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன். உள்ளே எஞ்சின் இல்லை. நிலம் தெரிந்தது. மழைத்தண்ணீர் தேங்கிய நிலம், அதில் எண்ணெய் மிதந்துகொண்டிருந்தது.

"எஞ்சின் எங்கை?" என்று கேட்டேன். ஒரு மெக்கானிக் மெதுவாகச் சொன்னார்: "அது காங்கேசன்துறைப் பஸ்ஸிலை ஓடுது, அக்கா."

பஸ்ஸில் ஏறினேன். டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கையில் போய் இருந்தேன். இறங்குவதில்லை என்று முடிவு செய்தேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்கு ஒன்றும் தெரியாது.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மாமா வந்தார். கோபமாக வரவில்லை. அதுதான் எனக்கு முதலில் பயத்தைத் தந்தது.

"பிள்ளை, இதென்ன கோலம்? உமக்கு உடம்பும் ஏலாத நேரம். ஆம்பிளையள் வேலை செய்யிற இடம். வாரும், வீட்டை போவம்."

"மாமா, இண்டைக்கு ஆரின்ரை முறை?"

அவர் வேலை செய்தவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"பெரியப்பாவின்ரை முறையிலை பஸ் பெரியப்பாவிட்டைப் போகவேணும். என்ரை பாதி உங்களுக்கு ஓடத்தானே தந்தது. பிரிச்சு வைக்கத் தரேல்லை. உறுதியிலை என்ரை பேர்தான் இருக்கு. நான் என்ரை முறையையும் பெரியப்பாவுக்கே குடுக்கிறன். எஞ்சினைப் பூட்டுங்கோ. நான் இதிலையிருந்துதான் புத்தூருக்குப் போவன்."

அப்படியெல்லாம் மாமனார் ஒருவரோடு ஒரு பெண் கதைக்கிற காலம் அல்ல அது. என்னை அந்த நிமிஷமே வீட்டை விட்டுப் போகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன்.

மாமா ஒரு கதிரை கொண்டுவரச் சொல்லி, பஸ் வாசலுக்கு நேரே போட்டு இருந்தார். சால்வையால் முகத்தைத் துடைத்தார். பிறகு ஒரு குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"நீர் குடுக்கிறதெண்டால் குடும், பிள்ளை. ஆனால் ஆருக்குக் குடுக்கப் போறீர்? உம்மடை பெரியப்பா தன்ரை பாதியை நேற்றே எனக்கு எழுதித் தந்திட்டார்."

நான் நம்பவில்லை. "பொய்," என்று சொல்லிவிட்டேன். மாமனாரைப் பார்த்து.

"பொய்யெண்டால் ஏன் என்னட்டை உமக்குக் கதலிக்குலை தந்து விட்டவர்?" என்றார் மாமா.

முந்தின நாள் பின்னேரம் மாமாவின் காரில் ஒரு கதலிக்குலை வந்தது. உம்மடை ஆக்கள் தந்தவை என்று சொல்லிக் குசினி வாசலில் வைத்தார்கள். ஊர்ப்பழம் என்று நான் அதில் ஆசையாகப் பிடுங்கிச் சாப்பிட்டிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கிக் கராச் மூலையில் நின்று வாந்தி எடுத்தேன்.

பெரியம்மா சொன்னது

ஒருவரிடமும் சொல்லாமல் தெருவுக்குப் போய் நின்றேன். வந்த பஸ் பச்சை. வேறு பஸ் இல்லை. அதில்தான் புத்தூருக்குப் போனேன். கொண்டக்டர் என்னிடம் காசு வாங்கவில்லை. முதலாளி வீட்டு ஆள் என்று எழுந்து இருக்கை தந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பெரியம்மா முற்றத்தில் என்னைக் கண்டதும் முதலில் கேட்டது இதுதான்: "உன்னை அனுப்பிப் போட்டினமோடி?"

அந்தக் கேள்வியில் இருந்த பயத்தைக் கண்டு நான் திடுக்கிட்டேன். ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் என்று கையைப் பிடித்து உலுக்கினேன். பெரியம்மா உள்ளே பார்த்துவிட்டு, அழுதழுது சொன்னார்.

மாமா காரில் வந்தாராம். கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, எல்லாருக்கும் சுகம் விசாரித்தாராம். பஸ்ஸைப் பற்றி ஒரு சொல் கூட இல்லையாம். எழும்பும்போது சிரித்துக்கொண்டு சொன்னாராம்:

"பிள்ளைத்தாச்சிப் பிள்ளை. தலைப்பிள்ளைப் பேறுக்கு இஞ்சை அனுப்புறதுதானே முறை. அனுப்புவம். பிறகு கூட்டிக்கொண்டு போக வாறதோ விடுறதோ, அது உங்கடை கையிலைதான் இருக்கு."

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. பிறந்த குழந்தையோடு ஒரு பெண் தாய் வீட்டில் இருந்தபடி, கூப்பிட ஆள் வராமல், ஊர் கேட்கிற கேள்விக்குப் பதில் இல்லாமல் வருஷக்கணக்காக இருப்பது எப்படியென்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அப்படி இருந்தவர்களையும் தெரியும்.

பெரியப்பா மறுபேச்சுப் பேசவில்லையாம். சட்டையைப் போட்டுக்கொண்டு அதே காரில் ஏறி நொத்தாரிசிடம் போனாராம். போகும்போது வளவில் பழுக்க நின்ற குலையை வெட்டிக் காரில் வைக்கச் சொன்னாராம். "பிள்ளைக்குக் கதலி பிடிக்கும்" என்றாராம். ஐயா தோட்டத்தால் வந்து கேள்விப்பட்டு, அண்ணனின் முகத்தில் முழிக்க முடியாமல் அன்று முழுக்கக் கிணற்றடியிலேயே இருந்துவிட்டாராம்.

நான் பெருமையாக இருந்த வீட்டில் என்னைப் பணயமாக வைத்திருந்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியவே இல்லை. கலியாணம் பேசி வந்த நாளிலிருந்து, உன் வீட்டுக்கு மாப்பிள்ளை வராமல் நீ எங்கள் வீட்டுக்கு வா என்று சொன்ன அந்த நாளிலிருந்து. என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திராது. அதிலும் கொடுமை, மாமா பொறுத்திருந்தால் பெரியப்பாவின் பாதி தானாகவே எனக்குத்தான் வந்திருக்கும்.

பெரியப்பா மாட்டுக் கொட்டிலில் நின்றார். பசுவுக்கு வைக்கோல் உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, "வந்திட்டியோ, சாப்பிட்டனியோ?" என்று கேட்டார். முகத்தில் ஒன்றுமே இல்லை. வழக்கமான பெரியப்பா.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"நான் அங்கை உங்கடை பாதிக்காக அவரோடை சண்டை பிடிச்சுக்கொண்டு இருக்கிறன். என்னை அனுப்பினால் அனுப்பட்டுமெண்டு நிக்கிறன். நீங்கள் பேசாமல் போய்க் கையெழுத்து வைச்சிருக்கிறியள். என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமெல்லோ, பெரியப்பா?"

அவர் என் தலையில் ஒட்டியிருந்த மழைத்தண்ணீரைச் சால்வையால் துடைத்தார்.

"கேட்டிருந்தால் நீ என்ன சொல்லுவாயெண்டு எனக்குத் தெரியும், மோனை," என்றார். "அதுதான் கேக்கேல்லை."